ரீல் வாங்கப் போகிறீர்களா? முதலில் நம்ம தண்ணியைப் பாருங்கள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து உறவுகளுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏப்ரல் விடுமுறை நெருங்கினால் எங்களிடம் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "சேர், ரிசல்ட் எப்ப வரும்?" மற்றது, "சேர், தூண்டிலுக்கு எந்த ரீல் நல்லம்?" முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இரண்டாவதுக்கு இருக்கிறது. தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப் போனதால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேர் இங்கேயே படிப்பிக்கிறோம். ஒருவன் கனடா போய்விட்டான். தூண்டில் பைத்தியம் மூன்று பேருக்கும் ஒரே அளவு. அவன் இப்போது ஒன்டாரியோவில் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கிறான். அதுவும் ஏரி உறைந்த பிறகு, ஐஸுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு! போன தடவை ஊருக்கு வந்தபோது அங்கே பாவிக்கும் ஒரு சின்ன ரீலும் இரண்டடி நீளத் தூண்டில் கம்பும் கொண்டுவந்து தந்தான். "மச்சான், இதுல போட்டுப் பாருங்க" என்றான்.

கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. எப்படி யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று அவன் விளக்கியபோதுதான் ரீல் தெரிவு செய்வது என்றால் என்ன என்று எங்களுக்குச் சரியாக விளங்கியது.

அங்கே ஐஸ் நாலு அங்குலத் தடிப்பாவது இருந்தால்தான் ஆள் நடந்து போகலாம். போய், துளை கருவியால் ஒரு துவாரம் போடுவார்கள். அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேர் கீழே தங்கூசியை இறக்குவார்கள். வீசுகிற வேலையே இல்லை. அதனால் கம்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. கீழே தொங்குவது பட்டாணி அளவு இரை. தங்கூசி முறுக்கிக்கொண்டால் அந்த இரை தண்ணீருக்குள் பம்பரம் மாதிரிச் சுற்றும். குளிரில் மந்தமாகக் கிடக்கிற மீன் அதைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போய்விடும். ஆகவே முறுக்கே விழாதபடி, கிணற்று உருளையில் கயிறு இறங்குகிற மாதிரி, உருளையே சுழன்று தங்கூசியை நேராக விடுகிற ரீலை அதற்கென்றே செய்கிறார்கள். கடும் குளிரில் சாதாரண கிரீஸ் இறுகிப்போகும், கைபிடி சுற்றாது. அதற்கு வேறு மசகு போடுகிறார்கள். கம்பின் வளையங்களில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்காக வளையத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். காரணம் எல்லாம் அந்த ஏரியில் இருக்கிறது.

அதே ரீலை நாங்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் வீசினோம். தூண்டில் கால் மாட்டிலேயே விழுந்தது. பலமாக வீசினால் ஆறேழு மீற்றர். நமக்கு மீன் இருப்பது அதைவிட மூன்று நாலு மடங்கு தூரத்தில். கனடாவில் தங்கமான சாமான், இங்கே ஒன்றுக்கும் உதவாது. ரீலில் பிழையில்லை, தண்ணி வேறு. நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும், கொழுந்து கருகும். ஆனால் கிரகரி வாவி உறைந்ததை நம் பாட்டன்மாரும் பார்த்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், நம் பிள்ளைகள் ரீல் தெரிவு செய்வது வீடியோ பார்த்து. வீடியோவில் வருகிறவர் கடலில் நின்று பிடிக்கிறார். அல்லது அமெரிக்காவில் படகில் இருந்து பிடிக்கிறார். அவர் காட்டுகிற ரீல் அவருடைய தண்ணிக்குச் சரி. நமக்கு?

நம் தண்ணி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். காசல்ரீ 1965இல் கட்டி முடித்தது, மவுசாகலை 1969இல். இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. தென்மேல் பருவ மழையில் நிரம்பும், மாசி, பங்குனியில் இறங்கும். இறங்கினால் கரை சரிந்த சேறாக வெளியே தெரியும். மவுசாகலைக்குக் கீழே பழைய மஸ்கெலியா டவுனே இருக்கிறது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே வரும், ஊரே போய்ப் பார்க்கும். அதாவது, நாம் தூண்டில் வீசுவது கல், சுவர், வேர்க்கட்டை நிறைந்த ஓர் ஊருக்கு மேலே. முள் மாட்டும். கட்டாயம் மாட்டும். இதை மறக்க வேண்டாம், கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

மீன் என்ன? பெரும்பாலும் திலாப்பியா. சிலர் ஜப்பான் மீன் என்பார்கள். ஆபிரிக்காவில் இருந்து 1952இல் இலங்கைக்கு வந்தது. பிறகு கெண்டை வகைகள். மேலே நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் ட்ரவுட். அது 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டது. 1896இல் அதற்கென்றே சிலோன் ஃபிஷிங் கிளப் என்று ஒரு கழகமும் அமைத்தார்கள். துரை கையில் பித்தளை ரீல். லயத்துப் பிள்ளை கையில் மூங்கில் கம்பு. ஆற்றில் மீன் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் ஓடியது, பிடிக்க அனுமதி ஒருவருக்குத்தான் இருந்தது.

ரீல் என்ற சாமானின் கதையும் சுவாரசியம். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ரீல் படம் சீனாவில் வரைந்தது. மா யுவான் என்ற ஓவியர் 1195ஆம் ஆண்டளவில் வரைந்த படம். குளிர்கால ஏரி, தனிப் படகு, ஒரு மனிதர், அவர் கம்பில் சின்னச் சக்கரம். இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் நாம் வாங்குகிற ரீல் வகைக்கு 1905இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த இல்லிங்வர்த் என்பவர் காப்புரிமை எடுத்தார். அவர் நெசவாலை முதலாளி. ஆலையில் நூற்கண்டு அசையாமல் நிற்க, அதன் நுனி வழியாக நூல் தானாக உருவிக்கொண்டு போவதை ஒவ்வொரு நாளும் பார்த்தவர். ரீலிலும் உருளை சுற்றாமல் நிற்கட்டும், தங்கூசி அதன் விளிம்பு வழியே உருவிப் போகட்டும் என்பதுதான் அந்த யோசனை.

இப்போது நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு வெற்றுப் போத்தல். அதில் தங்கூசியைச் சுற்றுவான். ஈயக்குண்டைக் கட்டுவான். போத்தலின் வாயை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுழற்றி எறிவான். தங்கூசி போத்தல் வாய்ப்பக்கமாகச் சரசரவென்று உருவிப் போகும். இருபது மீற்றர் போகிறதை நாங்கள் அடி வைத்து அளந்திருக்கிறோம். காப்புரிமை எடுத்த அதே தத்துவம். விஞ்ஞானப் பாடத்தில் இதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்கார்கிறது.

ஆகவே எங்கள் முதல் பதில்: போத்தலில் நன்றாக வீசத் தெரிந்த பிள்ளைக்கு ரீல் அவசரமில்லை. திலாப்பியாவுக்குப் போத்தல் போதும். இரைக்கு மண்புழு, பாண் துண்டு, மாவுருண்டை.

அதற்கு மேல் ரீல் வேண்டும் என்றால், கீழே உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

அளவு. ரீலில் 1000, 2500, 4000 என்று இலக்கம் போட்டிருக்கும். இலக்கம் கூடக் கூட ரீல் பெரிது. ஓடைக்கும் சின்ன மீனுக்கும் 1000. கடலுக்கு 4000க்கு மேலே. நம் நீர்த்தேக்கக் கரைக்கு 2500 போதும். 0.25 மில்லிமீற்றர் தங்கூசி 150 மீற்றர் அளவில் கொள்ளும். பெரிய ரீல் வாங்கினால் பெரிய மீன் வராது, கை மட்டும் வலிக்கும்.

வேகம். பெட்டியில் 5.2:1 என்கிற மாதிரி எழுதியிருக்கும். கைபிடியை ஒரு தரம் சுற்றினால் முன்தலை 5.2 தரம் சுற்றும் என்று அர்த்தம். 5க்குக் கிட்ட இருந்தால் நமக்குச் சரி. 7க்கு மேல் போனால் வேகம் கூடும், ஆனால் பாரத்தை இழுப்பது கஷ்டம். சைக்கிளில் ஏற்றம் ஏறின பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குண்டு. 'உள்ளே 13 பேரிங்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒழுங்கான நாலு பேரிங், ஒழுங்கில்லாத பதின்மூன்றைவிட மேல். கடையிலேயே கைபிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுகிற மாதிரிக் கையில் உணர்ந்தால் வைத்துவிடுங்கள். கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் வேண்டாம்.

கம்பி வளையம். திறந்து மூடும் அந்த அரைவட்டக் கம்பி 'டக்' என்று உறுதியாக நிற்க வேண்டும். தங்கூசி போகிற சின்ன உருளை விரலால் தொட்டால் சுழல வேண்டும். அது சுழலாவிட்டால் தங்கூசி அந்த இடத்தில் தேய்ந்து தேய்ந்து பெரிய மீன் வருகிற அன்றைக்கு அறும்.

இழுவைத் திருகு. 'டிராக்' என்பார்கள். ரீலின் உயிர் இதுதான். மீன் பலமாக இழுத்தால் தங்கூசி அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது இதன் வேலை. தங்கூசி தாங்கும் பாரத்தில் காற்பங்கு அளவுக்கு இறுக்க வேண்டும். 4 கிலோ தாங்கும் தங்கூசி என்றால் 1 கிலோவில் அது இளக வேண்டும். தராசு தேவையில்லை. ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் அது ஒரு கிலோ. தங்கூசியில் கட்டித் தூக்குங்கள். போத்தல் மெதுவாக, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராக இறங்கினால் ரீல் நல்லது. இறுகி நின்று பிறகு சடக்கென்று இறங்கினால், எந்தப் பெயர் போட்டிருந்தாலும் வேண்டாம். பெயர்பெற்ற ரீல்களின் பெயரில் போலிகள் தாராளமாக வருகின்றன. பெட்டியை நம்பாதீர்கள், போத்தலை நம்புங்கள்.

தங்கூசி சுற்றுவது. விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே நிற்பாட்டுங்கள். வழியச் சுற்றினால் கொத்துக் கொத்தாகக் கழன்று சிக்கும். குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது.

சரி, விலை. இதுதான் இந்தப் பதிவை எழுதவைத்த விசயம்.

போன தவணை ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். நோர்வூட் பக்கத்துத் தோட்டம், கொழுந்து எடுக்கிறவர். பெரட்டு முடிந்து மலைக்குப் போகவேண்டிய நேரத்தில் அரை நாளை விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் பத்தாம் வகுப்பு. "சேரு, ஒரு ரீலு பதினெட்டாயிரமாம். தவணைக்குக் குடுக்குறாங்களாம். புடிச்ச மீன வித்து நானே கட்டிர்றேன்னு சொல்றான். எடுத்துக் குடுக்கவா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. மகன் ஏதோ ஒன்றில் ஆசைப்படுகிறானே என்ற சந்தோசமும் இருந்தது, பயமும் இருந்தது.

நாங்கள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மகனையே கூப்பிட்டு, கையில் கொப்பியும் பேனையும் கொடுத்தோம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று உயர்த்தினார்கள் அல்லவா? 18,000ஐ அதால் பிரி என்றோம். பதின்மூன்று நாளுக்கு மேலே வந்தது. மழை, அட்டை, சரிவு, முதுகில் கொழுந்து. பதின்மூன்று நாள். பிறகு கேட்டோம், "போன கிழமை எத்தனை மீன் பிடிச்சாய்?" "நாலு, சேர்." "அதுல எத்தனைய வித்தாய்?" சிரித்தான். "வீட்டுல ஆக்கிட்டாங்க." விற்பதற்கென்று பிடிப்பதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் சொன்னோம். கணக்கை அவனே முடித்தான். தாய் ஒன்றும் பேசவில்லை. அவன் எழுதிய தாளை மட்டும் கேட்டு வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆசையை அறுத்துவிட்டு அனுப்புவது ஆசிரியர் வேலை இல்லை. அதே வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு ரீல் ஆசை இருந்தது. நாலு பேரும் சேர்ந்து ஒரு 2500 வாங்கினார்கள். விலை 8,000. ஆளுக்கு 2,000, தீபாவளிக் காசும் பெருநாள் காசும் சேர்த்தது. அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் தனி ஆளுக்கு அது கிட்டத்தட்ட ஆறு நாட் சம்பளம், நாலாகப் பிரித்தால் ஒன்றரை நாள். தவணையும் இல்லை, வட்டியும் இல்லை. வட்டிக் கடன் நம் லயங்களிலும் வீடுகளிலும் பெண்களின் தலையில் எப்படி விழுகிறது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒரு கொப்பியில் முறை எழுதி வைத்திருக்கிறார்கள்: எந்தச் சனிக்கிழமை யார் கையில், யார் கழுவித் துடைப்பது. போத்தல் வைத்து டிராக் பார்த்துத்தான் வாங்கினார்கள். கடைக்காரர் முதலில் முறைத்தாராம், பிறகு அவரே தண்ணீர் பிடித்துக் கொடுத்தாராம்.

இப்போது முள் மாட்டுகிற கதைக்கு வருகிறோம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

விலை கூடிய சாமானில் ஓர் ஆபத்து இருக்கிறது. தூண்டில் கீழே சிக்கினால், ஐந்து ரூபாய் முள் என்றால் பிள்ளை அறுத்துவிட்டுப் போவான். ஆயிரம் ரூபாய்ச் செயற்கை இரை என்றால் இறங்கி எடுக்கப் பார்ப்பான். கரை சேறு. இரண்டு எட்டில் இடுப்பு, மூன்றாவது எட்டில் கால் எட்டாது. தண்ணீர் குளிர், சில நிமிடத்தில் கை கால் விறைக்கும். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் காலைத் தூக்கவே முடியாது. ஒவ்வொரு வருசமும் நம் நீர்த்தேக்கங்கள் பிள்ளைகளை எடுக்கின்றன. எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வெறும் கோடு போடுவதை நாங்கள் விரும்பவில்லை.

ஆகவே மூன்று விசயம்.

ஒன்று, ரீலில் 0.25 என்றால் முள்ளுப் பக்கம் கடைசி முழத்துக்கு 0.20 தங்கூசி கட்டுங்கள். சிக்கினால் ரீலை மூடி, தங்கூசியைத் துணி சுற்றிய கையால் நேராக இழுங்கள். மெல்லியது அறும், முள் மட்டும் போகும். போகட்டும். அறுத்துவிடப் பழகுவதுதான் தூண்டில்காரனின் முதல் பாடம்.

இரண்டு, தனியாகப் போகக் கூடாது. மூடி இறுக்கிய ஐந்து லீற்றர் வெற்றுக் கேன் ஒன்றும் பதினைந்து மீற்றர் கயிறும் கரையில் இருக்க வேண்டும். விழுந்தவனைப் பிடிக்கப் பாயாமல் கேனை எறியுங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்று, சமைக்கிற அளவுக்குப் பிடியுங்கள். மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்பது மார்க்கம் தந்த இலகு. அதற்காக உயிரை வைத்து விளையாடலாம் என்று அர்த்தமில்லை. குஞ்சு மீன் வந்தால் ஈரக் கையால் பிடித்து மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ரீல் கேட்டால் ஏசாதீர்கள். ஃபோனை வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கப் பழகுகிறான். அது சின்ன விசயமில்லை. கொப்பியும் பேனையும் கொடுத்து அவனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டாளிமாரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கனடா ரீல் இப்போது எங்கள் விஞ்ஞான அறையில் இருக்கிறது. பல்சக்கரப் பாடத்துக்குக் கழற்றிக் காட்டுகிறோம். உங்கள் வீட்டிலும் சுற்றாத, உடைந்த ரீல் ஏதாவது மூலையில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் கொண்டுவந்து தாருங்கள். இரண்டு உடைந்த ரீலைக் கழற்றினால் ஒரு நல்ல ரீல் சேர்க்கலாம். பிள்ளைகள் கிரீஸ் கையோடு காத்திருக்கிறார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் விடுமுறை முடிந்து முழுசாக வகுப்புக்குத் திரும்பி வரட்டும், இன்ஷா அல்லாஹ்.